சுடாத சூடு

பாலம்மா வெந்நீர்ச் சட்டிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பதமாக இருந்தது. பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுச் சட்டையை உருவினாள். உருவிய கை பாதியில் நின்றது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அந்தக் குரலைக் கேட்டு, பின்வாசலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்த அவள் புருஷன் சுந்தரலிங்கம் முகத்து நுரையோடு உள்ளே வந்தான். ஒரு கன்னம் மழித்தாயிற்று. மறு கன்னம் வெள்ளையாக இருந்தது. கத்தி பட்ட கழுத்தில் ஒரு துளி இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையின் முதுகில் வட்ட வட்டமாகப் புண்கள். இடுப்புக்கு மேலே ஒன்று, விலாவோரம் இரண்டு, தொடை மடிப்பில் ஒன்று. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, சிகரட் நுனியை வைத்து அளந்தாற்போல. நடுவில் சிவப்பு, ஓரத்தில் தோல் சுருண்டு ஒரு வளையம்.

"சூடு," என்றாள் பாலம்மா. "சிகரட்டால சுட்டிருக்கான் பாவி."

அடுப்படி வாசலில் துவாயோடு நின்றிருந்தாள் சர்மிளா. சுந்தரலிங்கத்தின் ஒரே தங்கை. காலை பஸ்ஸில்தான் கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு வந்து இறங்கியிருந்தாள். வந்ததோ நல்ல காரியம் பேச. மகன் யதுஷனுக்கு ஒரு வயது நெருங்குகிறது. முடியிறக்கிக் காது குத்த வேண்டும். அதைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் செய்வது. எந்த மாமன் மடி, எந்த நாள் என்று கேட்டுப் போகலாமென்று வந்தவள், பிள்ளைக்கு உடம்பு காய்கிறதே என்று கொஞ்சம் வெந்நீரில் துடைக்கக் கேட்டாள். அவ்வளவுதான்.

"இல்ல அண்ணி, அது வந்து..."

"நீ வாயத் தொறக்காத!" கட்டிலில் படுத்திருந்த சின்ன அண்ணன் கணேஸ் எழுந்து வந்துவிட்டான். வேன் ஓட்டுபவன்; எதையும் வேகமாகவே செய்வான். "அவனுக்கு வக்காலத்து வாங்குறதே ஒனக்குப் பொழப்பாப் போச்சு. பெத்த புள்ளய ஒம் புருசன் சுடுறதப் பாத்துக்கிட்டு நின்னியா?"

சர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில் வரும் சிரிப்பு. வக்காலத்து வாங்கியது யார்? கிழிந்த உதட்டோடு இதே அடுப்படிக்கு அவள் வந்து நின்ற அன்று, இதே கணேஸ்தான், "மச்சான் நல்லா ஒழைக்கிறவரு, கோவம் கொஞ்சம் கூட. நீ பாத்து நடந்துக்க," என்று வேனிலேயே கொண்டுபோய் கண்டி மஹய்யாவையில், புருஷன் வீட்டில் இறக்கிவிட்டான். முன்பல் ஆடிய மறுமுறை சுந்தரலிங்கம் சொன்னான்: "நாலு பாத்திரம் இருக்க எடத்துல சத்தம் வரத்தான் செய்யும்." பாலம்மா தங்கள் காய்கறிக் கடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஒரு பைநிறையக் கட்டிக்கொடுத்தாள். பையோடு வந்தவளைப் பையோடு அனுப்பினார்கள். பிறகு அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

சுந்தரலிங்கம் துவாயைப் பிடுங்கி நுரையைத் துடைத்தான். பாதித் தாடி பாதியாகவே நின்றது. பிள்ளையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டான். பிள்ளை மாமன் கழுத்தில் முகத்தைப் புதைத்து முனகியது. அதன் தாடைக்கடியில் அன்று காலைதான் புதிதாக ஒரு கொப்புளம் எழும்பி உடைந்திருந்ததை சர்மிளா மட்டும்தான் அறிவாள்.

"தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன்," என்றான் சுந்தரலிங்கம். "என் மடியில ஒக்கார வேண்டிய புள்ளைய சுட்டிருக்கான். கணேசு, வேன எடு."

வேன் கம்பளையைத் தாண்டியது. பின் இருக்கையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சர்மிளா மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் ஆறு தேயிலைச் சாயமாக ஓடியது. சொல்லிவிடலாம். பேராதனைப் பாலம் வருவதற்குள் சொல்லிவிடலாம். அண்ணே, அது சூடில்லை. வேர்க்குருவில் தொடங்கியது என்று.

அப்படித்தான் தொடங்கியது. அடைமழைக்காலம். மஹய்யாவையில் அவர்கள் இருந்த அறையை வெயில் எட்டிப்பார்ப்பதே இல்லை. பிள்ளையின் துணிகள் காயாமல் ஈரவாடை அடித்தன. சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் கம்பளி, தலைக்குத் தொப்பி, காலுக்கு மேசு என்று மூட்டை கட்டினாள். உள்ளே பிள்ளை வேர்த்து நனைந்தது. முதுகிலும் கழுத்து மடிப்பிலும் கடுகைச் சிதறினாற்போலக் குருக்கள். அதன்மேல் பவுடரைக் கொட்டினாள். பவுடருக்கு மேல், பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொடுத்துப்போன பேபி கொலோன். கண்டியில் பிள்ளை என்றால் கொலோன் மணக்க வேண்டும். மணந்தது. எரிந்துமிருக்க வேண்டும். பிள்ளை இரவும் பகலும் சொறிந்தது. சொறிந்த இடத்தில் ஒரு நீர்க்கொப்புளம் எழும்பி, பப்படம்போல உப்பி, உடைந்தது. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த அறை ரிப்கா, தன் மகளின் தோல்படைக்குப் பூசிய கிறீமைக் கொடுத்து, "இதப் பூசிப் பாருங்க, ஒரு ராவுல போயிரும்," என்றாள். போனது. பிறகு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

பிள்ளை அழுதது. விடியற்காலைப் பாண் ரொட்டிக்காக இரவெல்லாம் பேக்கரிப் போறணை அடுப்பின் வாயில் நின்றுவிட்டு வரும் அவள் புருஷன் திவாகரனுக்குப் பகலில்தான் தூக்கம். "புள்ளைய அமத்துடி," என்பான் முதல் தடவை. இரண்டாவது தடவை சொல்லமாட்டான், எழுந்து வருவான். பிள்ளையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தொட்டிலில் கிடத்திவிட்டுத்தான் அடிப்பான். பிள்ளையின் மேல் ஒருநாளும் நகம் பட்டதில்லை. அதைத் தன் பெரிய குணமாக வேறு சொல்லிக்கொள்வான்.

கிளினிக்குக் கொண்டுபோயிருக்கலாம். போக வேண்டிய வாரம்தான் அவளுடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது. மிட்வைஃப் மிஸ் பிள்ளையை நிறுப்பதற்கு முன் தாயின் முகத்தைப் பார்ப்பவள். என்ன, ஏது என்று கேட்பாள், வீட்டுக்கு வருவாள், வந்துவிட்டுப் போன பிறகு என்ன நடக்கும் என்பது சர்மிளாவுக்குத் தெரியும். கண் வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தாள். கண் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி வடிவதற்குள் பிள்ளையின் முதுகு நிறைந்துவிட்டது.

சூடு என்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? திவாகரனின் இரண்டு முன்கைகளிலும் போறணைத் தட்டுப் பட்ட தழும்புகள் ஏணிப்படிபோல ஏறிக்கிடக்கின்றன. புதிதாக வாங்கிவரும் ஒவ்வொன்றுக்கும் மருந்து பூசியவள் அவள்தான். சூட்டுப்புண் பட்ட இடத்தில் கிடந்து ஆறும். வேறெங்கும் போகாது. இதுவோ நடக்கிறது. முதுகில் தொடங்கித் தொடைக்குப் போய், இப்போது தாடைக்கு வந்திருக்கிறது.

பேராதனைப் பாலம் வந்தது. சர்மிளா வாயைத் திறந்தாள்.

"அண்ணே..."

"நீ கவலப்படாத தங்கச்சி," என்றான் சுந்தரலிங்கம் திரும்பாமலே. அந்தக் குரலில் அவளிடம் அவன் பேசி எத்தனையோ வருடமாயிற்று. "இனி நாங்க பாத்துக்கிறோம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மடியில் பிள்ளை தணலாகக் கொதித்தது.

பேக்கரி மஹய்யாவைக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டை வீதியோரம். முன்பக்கம் கடை, பின்பக்கம் போறணை. மாலைப் பாணுக்கு மா ஊறிக்கொண்டிருந்த நேரம். அன்று பகல் வேலைக்கும் நின்ற திவாகரன் வெற்று மேலோடு, இடுப்பில் கட்டிய சாக்குத் துணியோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மச்சான்மாரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, வாங்க மச்சான்! என்னா பாதித் தாடியோட? சவரக்காரன் பாதியில ஓடிட்டானா?"

கணேஸின் முதல் அடி அந்தச் சிரிப்பின்மேலேயே விழுந்தது. திவாகரன் மாப்பலகையில் மோதித் தரையில் சரிந்தான். மா புழுதியாய் எழும்பியது. எழுந்திருக்க முயன்றவனின் விலாவில் சுந்தரலிங்கம் உதைத்தான். காய்கறி மூட்டை சுமந்து உரமேறிய கால். உதைத்த சத்தம் ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல இருந்தது. மற்ற இரண்டு வேலையாட்களும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினார்கள். "புள்ளைய சுட்டானாம்," என்று ஒருவன் மற்றவனிடம் சொல்ல, விலக்க வந்த கால்களும் நின்றுவிட்டன.

"என்னா மச்சான்... எதுக்கு... யாரு என்னா சொன்னா?"

"மச்சான்னு சொல்லாதடா நாயே!"

கணேஸ் போறணையில் பாண் எடுக்கும் நீண்ட பலகையை உருவினான். முதல் வீச்சு தோளில். அடுத்தது தடுக்க நீட்டிய வலது கையில். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. திவாகரன் போட்ட கூச்சலில் முன்கடையில் பாண் வாங்க நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் தரையிலிருந்த மாவில் விழுந்து உருண்டையானது.

சர்மிளா பிள்ளையை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொரு அடியும் அவளுக்குத் தெரிந்த அடியாக இருந்தது. விலாவில் பட்டால் மூச்சு எங்கே போய் ஒளியும், வாயில் பட்டால் இரும்புச் சுவை எப்படி ஊறும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். திருப்பவில்லை.

"சர்மி!" திவாகரன் தரையிலிருந்து அவளைப் பார்த்துக் கத்தினான். "சொல்லு இவங்ககிட்ட! நானா சுட்டேன்? நம்ம புள்ளைய நானா சுட்டேன்?"

கணேஸின் பலகை நடுவானில் நின்றது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நீயே சொல்லு தங்கச்சி," என்றான் சுந்தரலிங்கம் மூச்சிரைக்க.

நாவலப்பிட்டியிலிருந்து தொண்டையில் உட்கார்ந்திருந்த சொல் இதோ வரப்போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள். வந்தது வேறொன்று.

"என்னைய அடிக்கிறாருண்ணே. கல்யாணம் கட்டுனதுல இருந்து. வயித்துல புள்ள இருக்கையிலயும் அடிச்சாரு."

சுந்தரலிங்கம் ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசினான். "அத இப்ப யாரு கேட்டா? புள்ளைய சுட்டானா? அதச் சொல்லு!"

போறணைக்குள் விறகு வெடித்தது. சர்மிளா பெரிய அண்ணனைப் பார்த்தாள். ஒரு பக்கம் மழித்து, ஒரு பக்கம் மயிரோடு நின்ற அந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பிறகு தரையில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

கணேஸ் திவாகரன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். ஆணியில் தொங்கிய திவாகரனின் சட்டைப் பையிலிருந்து சுந்தரலிங்கம் சிகரட் பெட்டியை எடுத்தான். ஒன்றைப் பற்றவைத்தான். அவன் சிகரட் குடிக்கிறவனல்ல. முதல் இழுப்பிலேயே இருமினான். இருமிக்கொண்டே குனிந்து, அதன் கங்கு முனையைத் திவாகரனின் நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

தோல் பொசுங்கிய வாடை பாண் வாடையோடு கலந்தது. இதுதான் சூடு, என்று சர்மிளாவின் மனம் தனியாக எங்கோ நின்று சொன்னது.

இரண்டாவது முறை கங்கு இறங்கும்போதுதான் அவள் கவனித்தாள். இவ்வளவு கூச்சலிலும் பிள்ளை அழவில்லை. குனிந்து பார்த்தாள். கண்கள் மேலே செருகியிருந்தன. கைகள் விறைத்து, உதறின.

"அண்ணே! புள்ள! புள்ளையப் பாருங்கண்ணே!"

அந்த அலறலுக்குத்தான் அடி நின்றது.

ஆஸ்பத்திரிவரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் சுந்தரலிங்கம். வேனுக்குள் அழுதான். "மாமா இருக்கேன்டா, மாமா இருக்கேன்டா," என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிள்ளையின் எச்சிலும் புண்நீரும் அவன் கழுத்தில் வழிந்து காய்ந்தன. அவன் துடைக்கவில்லை.

பிள்ளைகள் வார்டில் இருந்த டொக்டர் இளம் பெண். சிங்களத்தவர், தமிழைத் தேடித் தேடி எடுத்துப் பேசினார். காய்ச்சல் இறங்கி, வலிப்பு அடங்கி, பிள்ளை தூங்கிய பிறகு அதன் முதுகை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாடைக்கடியில் பார்த்தார். தொடை மடிப்பை விரித்துப் பார்த்தார்.

"சுட்டிருக்கான் மிஸ். அப்பன்காரன்," என்றான் சுந்தரலிங்கம். "எழுதிக்குங்க."

டொக்டர் தலையசைத்து மறுத்தார். "பிலிஸ்ஸுமக் நெமெயி. சுட்டது இல்ல. இது கிருமி. பாருங்க, இது பழசு, காயுது. இது நேத்து வந்தது. இது இன்னைக்கு. சுட்டா இந்த மாதிரி நடந்து போகாது." சர்மிளா பக்கம் திரும்பினார். "அம்மா, என்ன பூசினது?"

சர்மிளா எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளி, பவுடர், கொலோன், ரிப்காவின் கிறீம். டொக்டர் கோபிக்கவில்லை. வேர்க்குருவுக்குக் காற்றுதான் மருந்து, ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும் என்றார். ரிப்காவின் கிறீம் தோலின் காவலைக் குறைத்துக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது என்றார். நகத்தை வெட்ட வேண்டும். துவாயைத் தனியாக வைக்க வேண்டும். புண்ணின் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மேலே வைத்தால் தானாக ஊறி வரும், பிறகு மருந்து பூசலாம். "தொட்டா தொத்தும். தூக்கின எல்லாரும் கை கழுவணும்."

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே டொக்டர் சர்மிளாவின் சட்டைக் கையை இரண்டு விரலால் மெல்ல உயர்த்தினார். மேற்கையில் நான்கு விரல் தடங்கள் கருத்துக் கிடந்தன.

"இது?"

இந்தக் கேள்வியை இதுவரை எவரும் அவளிடம் கேட்டதில்லை. பதில் சொல்லப் பழகாத நாக்கு புரளுவதற்குள் பின்னாலிருந்து சுந்தரலிங்கம் சொன்னான்:

"அது விழுந்துட்டா மிஸ். மழைக்குப் படி வழுக்கும்."

டொக்டர் அவனைப் பார்க்கவில்லை. சர்மிளாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் இங்கதான் இருப்பேன்," என்று மட்டும் சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராந்தாவில் சுந்தரலிங்கம் அவளைச் சுவரோரம் நிறுத்தினான்.

"சுட்டான்னு நீதானே சொன்ன?"

"நீங்கதானே கேட்டீங்க."

"வெளையாடுறியா? அவன் கை ரெண்டா முறிஞ்சு கெடக்கு. பொலிஸ் வரும். இனி மாத்திச் சொன்னா நானும் கணேசும் உள்ள. புள்ளைக்குத் தாய்மாமன் வேணுமா வேணாமா? டொக்டர்மாருக்கு என்னா தெரியும். நீ சுட்டான்னே சொல்லு."

"என்னைய அடிச்சதச் சொல்றேன்ணே. அது உண்மதானே."

"அதுக்கெல்லாம் கேசு நிக்காதும்மா," என்றான், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன்போல. "அது புருசன் பொண்டாட்டி விசயம்."

மறுநாள் பிள்ளையைத் தாதியிடம் விட்டுவிட்டு சர்மிளா, பேக்கரி ஆட்கள் திவாகரனைக் கொண்டுவந்து சேர்த்திருந்த ஆண்கள் வார்டுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திவாகரனின் வலது கை தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. ஒரு கண் மூடியிருந்தது, இடது கண். அவளுக்கு மூடிய அதே கண். நெஞ்சில் மருந்துத் துணிக்குக் கீழே சூட்டின் ஓரம் தெரிந்தது. நேற்று இருந்த அளவுக்கு மேல் அது ஒரு நூல்கூட வளரவில்லை.

"புள்ள?"

"காய்ச்சல் வுட்ருச்சு."

அவன் திறந்த கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது. "நான் சுடலன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி சொன்ன?"

அவள் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் வாயருகே பிடித்தாள். அவன் குடித்தான். பாதி கழுத்தில் வழிந்தது.

"பொலிஸுகிட்ட உண்மையச் சொல்லு சர்மி. ஒம் மேல சத்தியமா இனி ஒருநாளும் கை வைக்க மாட்டேன்."

"எந்தக் கைய?" என்று கேட்டாள்.

அவன் முகம் மாறியது. வீக்கத்துக்கும் கட்டுக்கும் அடியிலிருந்து அவளுக்குப் பழக்கமான முகம் மெல்ல மேலே வந்தது. "எந்திரிச்சு வருவேன்ல," என்றான் தணிந்த குரலில். "எத்தன நாளைக்குக் கெடக்கப் போறேன்? வருவேன்."

போத்தலை மூடினாள். மூடியை இறுக்கித் திருகி, அவனுடைய இடது கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

பொலிஸ் வருவதற்குள் பிள்ளை எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டது. மெல்லிய பருத்திச் சட்டையோடு, கம்பளியும் தொப்பியும் இல்லாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. தமிழ் பேசும் பொலிஸ் பெண்ணொருத்தி கதிரையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொப்பியை மடியில் வைத்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் சுந்தரலிங்கம். இப்போது முழு முகமும் மழித்திருந்தது. முக்கியமான இடத்துக்குப் போகிறவன்போல வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தான். வார்டுக்குள் காற்றில்லை; வேர்த்து வழிந்தது. அப்படியும் பொத்தானைத் திறக்கவில்லை. விரலைக் கொலருக்குள் விட்டு நெருடினான். எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விட்டு நெருடினான்.

சர்மிளா வெந்நீர்க் கிண்ணத்தில் முழங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் விரல் கொலருக்குள் மூன்றாவது முறை போனபோது நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் துணியில், பொத்தானுக்கு ஒரு விரல் தள்ளி, மஞ்சளாக ஒரு சிறு ஈரம்.

"சொல்லுங்க தங்கச்சி," என்றாள் பொலிஸ் பெண். "ஒங்க அண்ணன்மாரு சொல்றாங்க ஒங்க புருசன் புள்ளைக்கு சூடு வச்சாருன்னு. டொக்டர் வேற மாதிரி சொல்றாங்க. நீங்க மொதல்ல இருந்து சொல்லுங்க."

சுந்தரலிங்கம் தங்கையையே பார்த்தான். பார்வை கெஞ்சியது, மிரட்டியது, இரண்டையும் ஒன்றாகச் செய்தது. விரல் மட்டும் தன்பாட்டுக்குக் கழுத்தில் இருந்தது.

"அண்ணே," என்றாள் சர்மிளா. "இப்படி வாங்க."

"என்னா?"

"கிட்ட வாங்க. சொறியாதீங்க. கழுத்தக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. சவரம் பண்ணதுல..."

"பொத்தானக் கழட்டுங்கண்ணே."

பொலிஸ் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் தாயும் பார்த்தாள். சுந்தரலிங்கத்தின் கை பொத்தானுக்குப் போனது. பொத்தான் கழன்றது. சவரக்கத்தி கீறிய இடத்தில், பிள்ளை முகம் புதைத்துக் கிடந்த அதே இடத்தில், வட்டமாக ஒரு புண். நடுவில் செக்கச்சிவப்பு. ஓரத்தில் தோல் சுருண்டு ஒரு வளையம். சிகரட் நுனியை வைத்து அளந்தாற்போல.

பிள்ளை மாமனைக் கண்ட சந்தோசத்தில் இரண்டு கைகளையும் நீட்டியது.

"குனிங்கண்ணே," என்றாள்.

காய்கறி மூட்டை சுமந்த அந்தப் பெரிய உடம்பு அவளுக்கு முன்னால் குனிந்தது. சர்மிளா பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே, தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டாள். மேற்கையின் நான்கு விரல் தடங்களும் வெளிச்சத்துக்கு வந்தன. பொலிஸ் பெண்ணின் கண் அங்கே போய் நின்றது.

வெதுவெதுப்பான பஞ்சு கழுத்தில் பட்டதும் சுந்தரலிங்கம் பிள்ளையைப் போலவே தோளைச் சுருக்கினான். அவள் கையை எடுக்கவில்லை. அழுத்தவுமில்லை. பொருக்கு ஊறட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு, பொலிஸ் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.